கையொப்பம் கேட்பதற்கு முன் எங்களோடு தமிழில் பேசுங்கள்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலைகளின் மதிப்புக்குரிய அதிபர்களுக்கும், மாணவர் படையணிக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். தரம் 10 இல் படிக்கும் என் மகள் சென்ற ஆண்டு, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடையோடு அணிவகுப்பும் பயிற்சியும் தரும் மாணவர் படையணியில், அதாவது கடேற்றில், சேர்ந்தாள். அதற்கான சம்மதத் தாளில் 11 நாள் தயங்கிய பிறகே கையொப்பமிட்டேன். இன்று அவள் அதில் தொடர்வதை முழு மனத்தோடு விரும்புகிறேன். ஆனாலும் அந்த 11 நாட்களையும் நான் தனியாகக் கடக்க நேர்ந்தது சரியல்ல என்றும், என்னைப்போன்ற இன்னும் பல தாய்மாருக்கு அப்படி நேரக்கூடாது என்றும் நினைப்பதால் இம்மடலை உங்களுக்குப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை டியூசன் முடிந்து வந்த மகள், புத்தகப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். தாள் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அடியில் பெற்றோரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் என்று மூன்று புள்ளிக்கோடுகள். 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்பில் வாழ்கிறேன். கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம் பேசிச் சமாளிப்பேன், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் செய்வேன். ஆனால் அரச தாள்களில் எழுதப்படும் சிங்களம் எனக்கு விளங்குவதில்லை. எனவே கீழ்மாடியில் இருக்கும் சிங்கள அக்காவிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார்; ‘ஷிஷ்யபட’ என்ற சொல்லின் மீது விரலை வைத்து, ‘ஷிஷ்ய’ என்றால் மாணவர், ‘பட’ என்றால் சிப்பாய் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவர், உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, “பய வென்ட எப்பா, நங்கி” என்றார். பயப்பட வேண்டாம் என்பதற்குக் காரணமும் சொன்னார்: அவருடைய மகனும் பள்ளிக்கூடக் காலத்தில் கடேற்றாக இருந்தவன், இப்போது வங்கியில் வேலை செய்கிறான்.

என் மகள் எதில் சேரப்போகிறாள் என்பதைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் விளக்கம் அதுதான். அந்த நல்ல மனதுக்காரிக்கு நான் நன்றியுடையவள். ஆனால் அந்த விளக்கம் பாடசாலையிலிருந்து, என் மொழியில், கையொப்பம் கேட்பதற்கு முன்னரே வந்திருக்க வேண்டும்.

இதற்குத் தமிழில் ஒரே பெயர்கூடப் புழக்கத்தில் இல்லை. ஓரிடத்தில் ‘தேசிய மாணவர் படையணி’ என்று எழுதுகிறார்கள். இன்னோரிடத்தில் ‘மாணவ சிப்பாய்’ என்று சிங்களச் சொல்லை அப்படியே பெயர்த்துப் போடுகிறார்கள். பிள்ளைகளோ ‘கடேற்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ‘சிறுவர் சிப்பாய்’ என்ற சொற்றொடரைச் செய்தியாகக் கேட்டவர்களுக்கும், அதைத் தம் வீட்டு முற்றத்தில் கண்டவர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணிப் பார்த்தால், ‘மாணவ சிப்பாய்’ என்ற சொல் ஒரு தமிழ்த் தாயின் காதில் எப்படி விழும் என்பது உங்களுக்கே விளங்கும்.

என் சித்தியின் மகள் வன்னியில் இருந்தாள். போரின் கடைசி ஆண்டுகளில் ஆயுதம் தாங்கியவர்கள் வீடு வீடாக வந்து பிள்ளை கேட்டார்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகப் பதினாறு வயதில் அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்த வீடுகளும் இருந்தன. பதுங்கு குழியில் மாதக்கணக்காக மறைத்து வைத்திருந்த வீடுகளும் இருந்தன. சித்தி இரண்டாவதைச் செய்தார். ஒருநாள் குளிப்பதற்காகக் கிணற்றடிக்கு வந்தவளைக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை. சித்தி இன்றும் அவளுடைய பாடசாலைச் சீருடையை ஒரு சூட்கேசில் வைத்திருக்கிறார்.

கொழும்பில் இருந்த எங்களுக்குச் சீருடை வேறு விதமாகப் பழக்கமானது. காலி வீதியில் இறங்கினால் அடையாள அட்டை, வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸ் பதிவு, இரவில் கதவு தட்டப்பட்டால் முதலில் பார்ப்பது சப்பாத்தை. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியே அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டு அதைத் தடுத்ததும் நினைவில் இருக்கும். உங்கள் பாடசாலைகளில் இன்று 14, 15 வயதில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் போர் 2009 மே மாதத்தில் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குச் சீருடை என்றால் அணிவகுப்பு, பாண்ட் வாத்தியம், தோழிகளோடு ஒரு வாரம் முகாம். அவர்களைப் பெற்றவர்களுக்கு அது அப்படியல்ல. நீங்கள் அனுப்பும் தாள் இந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில் உள்ள மேசையில்தான் வந்து விழுகிறது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் அன்று நடந்ததும் அதுதான். என் அம்மா, அதாவது மகளின் அம்மம்மா, அந்த உடுப்பு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். மகள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. “அம்மா, எனக்கு முன்னுக்கு நின்று நடத்த விருப்பம். வகுப்பில என்னை ஒருத்தரும் முன்னுக்கு விடுறதில்ல” என்று மட்டும் சொன்னாள். அவள் திக்கிப் பேசும் பிள்ளை. ஐந்தாம் வகுப்பிலிருந்து மேடை ஏறாதவள். அவள் கேட்டது என் மனதில் தங்கிவிட்டதால்தான் தாளைக் கிழிக்காமல் விசாரிக்கத் தொடங்கினேன்.

விசாரித்து அறிந்தவற்றில் பலவற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆனால் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. இந்நாட்டில் மாணவர் படையணி தொடங்கியது இதே கொழும்பில், 1881 ஆம் ஆண்டில், றோயல் கல்லூரியின் அதிபராக இருந்த ஜோன் கல் என்பவரின் முயற்சியால். போர் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இருந்த அமைப்பு இது. இன்றைய தேசிய மாணவர் படையணி, அணிதிரட்டல், துணைப்படைகள் பற்றிய 1985 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறது. அதன் பயிற்சி நிலையம் மகாவலிக் கரையில் ரன்டெம்பேயில் இருக்கிறது. பாடசாலை அணிகளுக்குத் தலைமை தாங்குவோர் படையணியில் அதிகாரித் தரம் பெற்ற ஆசிரியர்கள். இலங்கையில் கட்டாய இராணுவ சேவை இல்லை. படையணியில் இருந்த பிள்ளை பின்னர் இராணுவத்தில் சேரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆயுதப் போருக்குள் இழுப்பதற்கு எதிரான ஐக்கிய நாடுகளின் விருப்பத்தேர்வு நெறிமுறையை 2000 ஆம் ஆண்டிலேயே ஏற்று உறுதிப்படுத்திய நாடு இது. இந்தக் கடைசி மூன்று செய்திகளையும் யாராவது ஒரு தாளில் தமிழில் எழுதித் தந்திருந்தால், என் தயக்கம் ஒரே இரவில் பாதியாகக் குறைந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட என் அம்மாவின் மனத்தை மாற்றியது ஒரு புகைப்படம். யாழ்ப்பாணத்தில் படித்த என் பெரிய மாமா மாணவப் பருவத்தில் கடேற்றாக இருந்தவர் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அவருடைய மகனிடம் பேசியபோது, தியத்தலாவை முகாமில் எடுத்த படம் ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினார். பின்புறத்தில் மையினால் 1953 என்று எழுதியிருந்தது. கஞ்சி போட்டு மடிப்புக் குலையாத காக்கிக் காற்சட்டையோடு இரண்டு வரிசை இளைஞர்கள். பின்வரிசையில் விபூதிக் குறி தெரிய நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார் பெரிய மாமா. அந்தக் காலத்தில் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தனவாம்; தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் அது சமமாகவே அந்நியமாக இருந்தது. அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணன் குளிருக்கு ஒரு கம்பளிக்காக ஐயாவிட்டக் கெஞ்சினது எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார். எங்கள் குடும்பத்திலேயே இந்த உடுப்புக்குப் பயமில்லாத ஒரு காலம் இருந்திருக்கிறது. நடுவில் வந்த முப்பது ஆண்டுகள் அதை எங்களிடமிருந்து மறைத்துவிட்டன.

இப்போது ஞாயிறு இரவுகளில் எங்கள் வீட்டுப் பல்கனியில் செய்தித்தாள் விரிக்கப்படும். மகள் சம்மணம் கட்டி உட்கார்ந்து, பழைய பனியன் துணியில் பிராசோ பொலிஷைத் தொட்டு இடுப்புப் பட்டியின் பித்தளையை வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். முதலில் கறுப்பாக வரும், பிறகு மங்கலான மஞ்சள், பிறகு முகம் தெரியும். சப்பாத்தின் நுனிக்கு மட்டும் அரை மணித்தியாலம். கடலோரத் தண்டவாளத்தில் கடைசி ரயில் போகும் சத்தம் வரும்போது எழுந்து, கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை ‘வம, தக்குண, வம’ (இடது, வலது, இடது) என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடப்பாள். அவளுக்குக் கொண்டை போட்டு வலை மாட்டி, ஒரு மயிரும் வெளியே தெரியாமல் ஊசி குத்திவிடுவது இப்போது அம்மம்மாவின் வேலை. கட்டளை கொடுக்கும்போது என் மகள் திக்குவதில்லை. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது. காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது படையணியை நிறுத்தும்படி அல்ல. அதில் சேரும் பிள்ளையின் பெற்றோரை அறிந்தவர்களாக ஆக்கும்படி கேட்கிறேன். என் மகளோடு சேர்ந்த ஒரு பிள்ளையின் தாய், அந்தத் தாளை விளையாட்டுப் போட்டிக்கான அனுமதி என்று எண்ணிக் கையொப்பமிட்டிருந்தார். பிள்ளை கறுப்புச் சப்பாத்தோடும் இடுப்புப் பட்டியோடும் வீட்டுக்கு வந்த அன்றுதான் உண்மை தெரிந்து, இரவு பத்து மணிக்கு எனக்குத் தொலைபேசியில் அழுதார். எந்தப் பாடசாலை என்று நான் எழுதப்போவதில்லை, ஏனெனில் ஒரு பாடசாலையைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தாளைத் தயாரித்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் நினைக்கவில்லை. ஆனால் விளங்காத தாளில் இடப்பட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையை வீட்டார் அடுத்த வாரமே படையணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நன்றாக ஓடக்கூடிய, எல்லோருக்கும் முன்னால் நிற்கக்கூடிய பிள்ளை அவள்.

முதலில் செய்யவேண்டியது, தாள் வீட்டுக்கு வருவதற்கு முன் பெற்றோரை ஒருமுறை பாடசாலைக்கு அழைத்துப் பேசுவது. ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு மணித்தியாலம் போதும். பயிற்சியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்: அணிவகுப்பு, உடற்பயிற்சி, வரைபடம் வாசித்தல், முதலுதவி, குறிபார்த்துச் சுடுதல். கடைசியாகச் சொன்னதை மறைக்க வேண்டாம். துப்பாக்கி என்ற சொல்லைப் பிறகு பிள்ளையின் வாயால் கேட்கும் தாய், அதற்கு முன் சொல்லப்பட்ட எதையும் நம்பமாட்டாள். நீங்களே நேருக்கு நேர் சொல்லி, எந்த வயதில், எங்கே, யாருடைய மேற்பார்வையில் என்று விளக்கினால், விருப்பமில்லாதவர்கள் அந்த ஒன்றுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லவும் இடம் கொடுத்தால், பெரும்பாலானோர் விளங்கிக்கொள்வார்கள். பிள்ளை எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், எந்தத் தண்டனையும் இல்லாமல் விலகலாம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். எங்கள் பகுதியில் ‘சேர்ந்தால் விலக முடியாது’ என்ற பயம் ஏட்டிலிருந்து வந்ததல்ல.

தாளைத் தமிழில் தரும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியானது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்தில் வாழ்பவரும் அரச அலுவலர்களிடமிருந்து தமிழில் தொடர்பைப் பெற உரித்துடையவர் என்று 1988 ஆம் ஆண்டின் 16 ஆம் திருத்தம் சொல்கிறது. மேலிடத்திலிருந்து தாள் சிங்களத்தில் வந்தால், அதோடு தமிழ்ப் பிரதி ஒன்றையும் அனுப்பும்படி எழுத்தில் கேட்கும் பொறுப்பு அதிபருடையது. கேட்டதற்கான கடிதம் கோவையில் இருக்க வேண்டும். அதுவரை, உங்கள் பாடசாலையிலேயே இரு மொழியும் தெரிந்த ஓர் ஆசிரியர் ஒரு மாலை உட்கார்ந்தால் மொழிபெயர்த்துவிடக்கூடிய தாள்தான் அது.

அணிவகுப்புக் கட்டளைகளைத் தமிழில் மாற்றும்படி நான் கேட்கவில்லை. பல பாடசாலைப் பிள்ளைகள் ஒரே திடலில் ஒன்றாக அடி வைக்க வேண்டுமானால் சொல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது. பிள்ளைகள் அதை ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள், அதன் மூலம் அவர்களின் சிங்களமும் திருந்துகிறது. ஆனால் துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போது எதைச் செய்யக்கூடாது என்பதும், ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் என்ன பார்க்க வேண்டும் என்பதும், ஆற்றோரத்தில் எந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்பதும் பிள்ளைக்கு அவள் சிந்திக்கும் மொழியில் சொல்லப்பட வேண்டும். காலடி தவறினால் வரிசைதான் குலையும். இந்த அறிவுறுத்தல்களில் ஒரு சொல் தவறினால் பிள்ளைக்கு என்ன ஆகும்? இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முகாம் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளோடு எத்தனை ஆசிரியைகள் போகிறார்கள், இரவில் அவர்கள் எந்தக் கட்டடத்தில் தங்குகிறார்கள், காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியசாலை, வீட்டோடு பேச நாளுக்கு எத்தனை நிமிடம் என்பவை தாய் கேட்கும் முன்னரே சொல்லப்பட வேண்டியவை. வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சிறிய விடயமாக எண்ணாதீர்கள். ஒரு குடும்பத்தில் இறுதி முடிவை எடுக்கும் அம்மம்மா கேட்கும் முதல் கேள்வி அதுதான். நெற்றியில் பொட்டோ விபூதியோ வைக்கலாமா கூடாதா என்பதையும் போகுமுன்பே சொல்லிவிடுங்கள். அணிவகுப்பு நேரத்தில் கூடாது என்றால் அதன் காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்; திடலில் எல்லோர் முன்னிலையிலும் ‘அழி’ என்று கேட்பது ஒரு பிள்ளையின் மனதில் எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதை ஆசிரியர்களான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல மொழிமூலங்கள் உள்ள பாடசாலைகளின் அணியில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை மாத்திரம் போக நேர்ந்தால், அவளோடு தமிழ் தெரிந்த ஒரு பெரியவராவது அந்த முகாமில் இருக்கிறார் என்பதை உறுதிப்படுத்துங்கள்.

படையணியில் தமிழ்ப் பிள்ளைகள் குறைவாகச் சேர்வதைச் சிலர் எங்கள் விருப்பமின்மை என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது என்னை மிகவும் வேதனைப்படுத்துகிறது. விருப்பம் எங்கள் பிள்ளைகளுக்கு நிறைய இருக்கிறது. பல பாடசாலை அணிகள் மோதும் ஹேர்மன் லூஸ் கிண்ணத்தைப் பற்றி என் மகள் சாப்பாட்டு மேசையில் பேசும்போது அவளுடைய கண்களைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். தடையாக இருப்பது, தங்களிடம் ஒருவரும் எதையும் சொல்லாததால் வாசற்படியில் நிற்கும் பெற்றோரின் பயம். அதை நீக்கப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

அடுத்த தவணையில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும்போது, மேற்சொன்ன கூட்டத்தை உங்கள் பாடசாலையில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். பேசுவதற்கு உயர்தரத்தில் படிக்கும் பழைய கடேற் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தாளை மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் நானும் கீழ்மாடி அக்காவும் சேர்ந்து செய்து தருகிறோம். அவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார். தயங்கி நிற்கும் தாய்மாரோடு பேச வேண்டுமென்றால், எந்தப் பாடசாலைக்கும் பெரிய மாமாவின் அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு எனக்கு வசதி.

இங்ஙனம்,
மரியாதையுடன்,
ஒரு கடேற் மாணவியின் தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06